வெந்நீரில் போட்ட பேனா

கேத்ரின், லியனார்ட் ஐயாவின் இடது கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கையை முதலிலேயே முடித்தாயிற்று. அது செத்த கை, வைத்த இடத்தில் கிடக்கும். இடது கைதான் நழுவி நழுவி ஓடும்.

"ஆடாம இருங்க ஐயா. விருந்தாளி வர்ற நேரம் நகம் இப்பிடி இருந்தா என்னையத்தான் பேசுவாங்க."

"வேணாம்," என்றார் ஐயா.

பக்கவாதம் அவரிடம் விட்டுவைத்த ஒரே சொல் அது. சோற்றுக்கும் வேணாம், மாத்திரைக்கும் வேணாம், குளிக்கவும் வேணாம். அதைக் கேட்டு நடந்தால் மனிதர் பிழைக்கமாட்டார். சைப்ரஸில் வருடக்கணக்காக முதியவர்களைப் பராமரித்துவிட்டு வந்த கேத்ரின், அந்தச் சொல்லைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

லியனார்ட், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது ஹட்டனில் வீடு. மனைவி காலமாகிவிட்டார், மகள் இத்தாலியில். குடி, சீட்டு ஒன்றும் கிடையாது. ஊற்றுப்பேனாப் பைத்தியம் மட்டும் உண்டு என்று மகள் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ளைக்காரத் தொரையின் மேசையில் ஒரு பேனாவைப் பார்த்தாராம். கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரில் கடைந்த எபனைட் பேனா. சிவப்பும் கறுப்பும் அலையலையாக ஓடும். அதற்கு மை ஊற்றக்கூட தொரை யாரையும் விடமாட்டார். தொரை கப்பலேறியபோது பேனாவும் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வகையில் ஒன்றை ஒருமுறை பிடித்து எழுதிவிட வேண்டும் என்பதுதான் இவருடைய ஆசை. சேகரிப்பவர்களே படத்தில் மட்டும் பார்க்கிற பேனா அது.

பேனாக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கமான நிரஞ்சனுக்கு அப்படியொன்று வாய்த்தது. ஐயா படுக்கையில் விழுந்த செய்தி கேட்டு, அதை எடுத்துக்கொண்டு கொழும்பிலிருந்து வந்தான்.

"அங்கிள், நீங்க சொன்ன அதே பேனா. புடிச்சுப் பாருங்க."

ஐயா இடது கையால் வாங்கினார். மோந்தார். கன்னத்தில் வைத்துத் தேய்த்தார்.

"பொண்டாட்டியக்கூட இப்பிடிப் பாத்திருக்கமாட்டீங்க," என்றாள் கேத்ரின். நிரஞ்சன் சிரித்தான்.

ஒற்றைக் கையால் மூடியைக் கழற்ற முடியாமல் ஐயா பல்லால் கடித்துத் திருகினார். மூடி கழன்றது, எச்சில் பேனா முழுக்க வழிந்தது. அதற்குள் கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

"கை ஓஞ்சிருச்சு தம்பி. காலையிலன்னா நல்லாப் புடிப்பாரு."

"அப்ப இங்கயே இருக்கட்டும் அக்கா. அங்கிள் பாத்துக்கிட்டே தூங்கட்டும். காலையில மை போத்தலோட வாறேன்." டவுனில் எடுத்திருந்த அறைக்கு அவன் கிளம்பிப் போனான்.

வாய் பட்ட எதையும் வெந்நீரில் போடாமல் கேத்ரின் வைத்ததில்லை. கரண்டி, கோப்பை, பல்செட், எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டம். கிண்ணத்தில் கொதிநீர் ஊற்றி, சவர்க்காரத் தூளைக் கலக்கி, பேனாவையும் மூடியையும் உள்ளே போட்டாள்.

"வேணாம்," என்றார் ஐயா.

"எச்சியோடயா வைக்கிறது? நாளைக்கு எழுதணுமில்ல?"

"வேணாம், வேணாம்." கட்டில் சட்டத்தைத் தட்டினார். நல்ல காலால் போர்வையை உதைத்துத் தள்ளினார்.

களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். விரிப்பை மாற்றி, உடம்பைத் துடைத்து, மாத்திரை கொடுத்து முடித்த பிறகுதான் கிண்ணத்துக்கு வந்தாள். பட்டாசு வெடித்த இடம்போல கந்தக நெடி அடித்தது. வெளியே எடுத்த பேனாவில் சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. முழுக்கச் சாணிப் பழுப்பு. துணியால் தேய்த்தாள். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். நிறம் வரவில்லை.

"இதுக்குத்தான் வேணாம்னீங்களா?"

ஐயா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். படுக்கைப்புண்ணுக்கும் மூச்சடைப்புக்கும் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும். இதற்கு அவள் படித்துவைத்தது எதுவுமில்லை.

காலையில் நிரஞ்சன் சப்பாத்தைக் கழற்றுமுன்பே வாசலில் வைத்துச் சொல்லிவிட்டாள். அவன் பேனாவை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சுடுதண்ணியா?"

"ஆமா தம்பி. நான்தான் போட்டேன். அவரு வேணாம்னுதான் சொன்னாரு."

"இதுக்குப் பச்சத்தண்ணியே ஆகாது அக்கா. இனி திரும்பாது." நிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நிப்புக்கு ஒண்ணுமில்ல. எழுதட்டும், அதுக்குத்தானே வந்தது."

மை நிரப்பினான். கேத்ரின் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, மடியில் பலகையும் தாளும் வைத்து, பேனாவை இடது கையில் கொடுத்தாள். கையில் நடுக்கமே இல்லை. ஆனால் விரல்கள் மூடவில்லை. மடக்கிவிட்டாள், திறந்துகொண்டன.

"அங்கிள், ஒரு கோடு மட்டும்," என்றான் நிரஞ்சன்.

ஐயா கையை இழுத்து, தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பேனா தாளில் உருண்டு நின்றது. கேத்ரின் அந்தக் கையை வெளியே எடுக்கப் போனவள், எடுக்கவில்லை.

நிரஞ்சன் மையைப் போத்தலுக்கே திருப்பி விட்டு, நிப்பைப் பஞ்சால் ஒற்றிப் பெட்டியில் வைத்தான். அவள் பலகையை எடுத்துவிட்டுக் கட்டிலைத் தாழ்த்தினாள்.