பியார்ட்லா செய்த நிலம்

அயர்லாந்தின் இனிஷ் மான் தீவில் பியார்ட்லா அறுபது ஆண்டுகள் நிலம் செய்தார். வாங்கவில்லை, திருத்தவில்லை, செய்தார். தீவு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அதன் மேல் கடற்பாசியையும் மணலையும் முதுகுக்கூடையில் சுமந்துவந்து கொட்டி, உருளைக்கிழங்கு விளையும் மண்ணாக்கினார். ஜனவரியில் அவர் இறந்தபோது வயலின் மேற்கு மூலை மட்டும் பாறையாகவே கிடந்தது. பதினொரு தப்படி நீளம், ஏழு தப்படி அகலம்.

மகள் நோரீன் கால்வே நகரில் சாலைப் பொறியாளர். அவளுக்கு அழுகை வரவில்லை. மூன்று வாரம் விடுப்பு எடுத்தாள். மார்ச் நடுவில் கிழங்கு நடுவதற்குள் அப்பா விட்ட மூலையை முடித்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது.

பக்கத்து வயல்காரர் கோல்மன் கற்சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்தார்.

"என்ன பியார்ட்லா மவளே, ரோடு போடப் போறியா?"

"நிலம் போடப் போறேன்."

"எப்படின்னு தெரியுமா?"

"படிச்சிருக்கேன்ல."

"அது சிமெண்ட் மூட்டையப் பாத்தாலே தெரியுது."

பாறையில் நீளநீளமாக வெடிப்புகள். போடும் மண்ணெல்லாம் அதற்குள் இறங்கிப் போய்விடும். நோரீன் எல்லா வெடிப்புகளையும் சிமெண்டால் பூசி அடைத்தாள். மேலே பாசி, மணல், மறுபடி பாசி. மட்டம் பார்த்துப் பரப்பினாள். அடுத்த நாள் பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. தண்ணீர் இறங்க வழியில்லை. பாசி மிதந்தது.

"வாத்து வாங்கிட்டு வரட்டுமா?" என்றார் கோல்மன்.

"அப்பா எப்படி அடைப்பாரு? சொல்லுங்களேன்."

"எனக்கென்னம்மா தெரியும்? என் வயலு எங்க தாத்தன் போட்டது. நான் தோண்டித் திங்கிறதோட சரி. புதுசா நிலம் போட்டவன் இங்க உங்கப்பன் ஒருத்தன்தான். எங்கிட்டயும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

அந்த வாரம் டப்ளினிலிருந்து தபால் வந்தது. லோர்கன் என்ற சொல்லாராய்ச்சியாளர் அனுப்பியது. இரண்டு வருடம் முன்பு ஒரே ஒரு சொல்லுக்காக வந்து, பியார்ட்லாவின் சமையலறையில் ஒலிப்பதிவுக் கருவியோடு நான்கு நாள் உட்கார்ந்திருந்தவர். சொல் 'தலவ்'. ஐரிஷில் நிலம். இரங்கல் கடிதத்தோடு தன் கட்டுரையையும் வைத்திருந்தார்.

தலவ் மிகப் பழைய சொல், ரோமர்கள் பூமியைக் குறித்த 'தெல்லூஸ்' அதற்கு உறவாக இருக்கலாம், வடமொழியில் அடிப்பரப்பைக் குறிக்கும் 'தல'வும் இருக்கலாம் என்றது கட்டுரை. நமக்கு நிலம் 'நிலத்தின்' ஆவதுபோல அதுவும் வடிவம் மாறும். ஆனால் இரண்டு விதமாக. ஆண்பாலாகக் கொண்டால் 'தலிவ்', பெண்பாலாகக் கொண்டால் 'தலூன்'. இரண்டும் வழக்கில் உண்டு. அடிக்குறிப்பில் ஓர் உரையாடல் இருந்தது. இது ஆணா பெண்ணா என்று லோர்கன் கேட்டிருக்கிறார். அப்பாவின் பதில்:

"பாறையா கெடந்தா அவன். கெழங்கு குடுத்தா அவ. ரோமாபுரிக்காரனுக்கும் சொந்தம்கிறீங்களே, அவன்கிட்ட பாசி இருந்துச்சா?"

நோரீன் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது சிரிப்பாக இல்லை. அடுப்பில் கெட்டில் வற்றிக் கருகும்வரை எழுந்திருக்கவில்லை.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் அப்பா பேசிய ஒன்பது வாக்கியங்கள் உதாரணமாக இருந்தன. சொல்லின் முடிவு எப்படி மாறுகிறது என்ற வரிசையில் லோர்கன் அடுக்கியிருந்தார். அவற்றில் நான்கு:

"நெலத்து மேல ஒரு சாண் மணல்."

"நெலத்துக்கு மூச்சு வேணும், இறுக்கி அடைச்சா செத்துரும்."

"நெலத்தோட வாயில சப்பைக் கல்லச் செருகு, நெட்டுக்குத்தா."

"நெலத்துல மொதப் பாசி வாடறதுக்குள்ள மணலக் கொட்டு."

இரண்டு முறை படித்தாள். கத்தரிக்கோலை எடுத்து ஒன்பதையும் தனித்தனியாக வெட்டினாள். மேசையில், எந்த வேலை முதலில் எந்த வேலை பிறகு என்று அடுக்கினாள். வேலை முழுவதும் அதில் இருந்தது, ஒன்றைத் தவிர. பாசியை எவ்வளவு உயரம் போடுவது என்று எங்கும் இல்லை.

பாசியையும் மணலையும் வாரி ஒதுக்கி, சிமெண்டைக் கொத்தி எடுக்க இரண்டு நாள் ஆனது. சப்பைக் கற்களை வெடிப்புகளில் நெட்டுக்குத்தாக, கையால் தட்டினால் ஆடாத அளவுக்குச் செருகினாள். இடையில் மயிரிழைச் சந்துகள் இருந்தன. விட்டுவிட்டாள். கோல்மன் கேட்காமலே டிராக்டரில் ஈரப்பாசி கொண்டுவந்து தட்டினார்.

"எவ்ளோ உயரம் போடறது?"

"முழங்கால் அளவு."

"உங்கப்பன் சொன்னானா?"

"இல்ல. நான் சொல்றேன்."

பாசி வாடுவதற்குள் மேலே ஒரு சாண் மணலும் கொட்டி முடித்தாள். மார்ச் பதினான்காம் தேதி பகலில் பெருமழை. நோரீன் கோட்டை மாட்டிக்கொண்டு அந்த மூலையில் போய் நின்றாள். தண்ணீர் தேங்கவில்லை. விழவிழக் கற்களுக்கிடையே இறங்கிப் போனது. மண் இருந்த இடத்தில் இருந்தது.

மறுநாள் கிழங்கு நட்டாள். கோல்மன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"வெளஞ்சிருமா?"

"வெளையும். பாசி மட்டும்தான் என் கணக்கு. அது தப்புன்னா அடுத்த வருஷம் மாத்திப் போடுவேன்."

"அப்ப அடுத்த வருஷமும் வருவியா?"

"பின்ன? இப்ப அந்தக் கெழங்குக் கூடைய இப்படி நகத்துங்க. ரெண்டு வரிசை பாக்கியிருக்கு."