எங்கள் கணினியில் வவுணதீவு கடல்

ஒக்டோபர் முதல் வாரத்தில் மூன்று நாள் லீவு போட்டு மட்டக்களப்புக்குப் போய் வந்தேன். கடற்கரை, பாடும் மீன், நண்டுக் கறி என்று எதிர்பார்த்து இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பார்க்கப் போனது ஒரு கட்டத்தை.

விளக்கிவிடுகிறேன். கண்டியில் வளிமண்டல இரசாயனம் சார்ந்த ஓர் ஆய்வுக் குழுவில் வேலை செய்கிறேன். காபனீரொட்சைட்டைக் குறைக்க உலகத்துக்கு மனம் வரவில்லை. அதனால் சிலர் வேறு வழி யோசிக்கிறார்கள். விமானத்தில் கந்தகவீரொட்சைட்டை இருபது கிலோமீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டால், அது அங்கே மாற்றமடைந்து நுண்ணிய அமிலத் துளிகளாகி, வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். பூமி குளிரும். காபன் அப்படியே இருக்கும். என்றைக்காவது கந்தகம் அனுப்புவதை நிறுத்தினால், அடக்கி வைத்த சூடு மளமளவென்று திரும்பி வரும். இதையெல்லாம் செய்தால் மழை என்னவாகும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் எங்கள் வேலை.

கணினி உலகத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி வைத்திருக்கும். எங்கள் கணினி மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்கம் இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். செப்டெம்பரில் ஒருநாள் வேறு எதையோ தேடும்போது நமது கிழக்குப் பகுதி விழும் கட்டம் கண்ணில் பட்டது. நீலமாக இருந்தது. பாதிக்கு மேல் கடல் என்பதால் முழுவதையும் கடல் என்றே எழுதிவிட்டார்கள். ஆறு வருடமாக இந்த மாதிரியோடுதான் குடும்பம் நடத்துகிறேன், இதைக் கவனித்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. கட்டத்தின் நடுப்புள்ளியைத் தொலைபேசி வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். வவுணதீவுக்கு மேற்கே, வயலுக்குள் விழுந்தது.

கண்டியிலிருந்து காலை 5.45 பஸ். டிக்கெட் 920 ரூபாய், தூரம் சுமார் 230 கிலோமீற்றர். இடது பக்க சீட்டைப் பிடிக்காதீர்கள், பொலன்னறுவைக்குப் பிறகு ஜன்னல் கண்ணாடி திறக்கவில்லை. (என் பஸ்ஸில் அப்படி. உங்கள் அதிர்ஷ்டம் வேறாக இருக்கலாம்.) ஹபரணையைத் தாண்டியதும் நான் கட்டத்துக்குள், அதாவது கடலுக்குள் வந்துவிட்டேன். நடுக்கடலில், பொலன்னறுவையில், ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும் 190 ரூபாய். ஓட்டமாவடியில் பாதி பஸ் இறங்கியது. 12.20க்கு மட்டக்களப்பு. தங்குமிடம் ஓர் இரவுக்கு 3,500, மின்விசிறி மட்டும். அந்த வெயிலுக்கு அது போதவில்லை.

மறுநாள் காலை 7.30க்கு ஓட்டோ பிடித்தேன். ஓட்டுநர் றிஸ்வான், ஏறாவூர்க்காரர். போய்வரவும் காத்திருக்கவும் சேர்த்து 2,500க்குப் பேசி முடித்தோம். வலையிறவுப் பாலத்தில் இரண்டு பக்கமும் வாவி பளபளத்தது. அதைத் தாண்டியதும் உழுத வயல், புழுதி, மறுபடி உழுத வயல்.

“மிஸ் என்ன பாக்கப் போறீங்க? அங்கால ஒண்டும் இல்லயே” என்றார்.

“எங்கட கொம்பியூட்டரும் அதத்தான் சொல்லுது” என்றேன். அவர் கண்ணாடி வழியாக ஒருமுறை என்னைப் பார்த்தார்.

8.15க்கு நடுப்புள்ளி. மருத மரம் ஒன்று, அதன் கீழே இரண்டு மூட்டை விதைநெல், பக்கத்தில் ஒருவர் குந்தியிருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். பெயர் யோகராசா, நாற்பத்தைந்து வயது இருக்கும். இங்கே வயல்வெளியை வட்டை என்கிறார்கள். அந்த வட்டையில் பாதிப்பேர் விதைத்துவிட்டார்கள், பாதிப்பேர் பொறுத்திருக்கிறார்கள். குளத்துத் தண்ணீர் வராத நிலம். காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும். மழை பெய்து தொடர்ந்தால் பயிர். பெய்துவிட்டு நின்றால் முளை கருகும். பிந்தி விதைத்தால் பெருமழை வந்து வாரிக்கொண்டு போகும். அவரிடம் இருந்தது அந்த இரண்டு மூட்டைதான். ஒரு விதைப்புக்குத்தான் காணும்.

“தங்கச்சி எந்தக் கந்தோர்?” என்று கேட்டார், ஏதோ அரசாங்க அலுவலகத்திலிருந்து வந்தவள் என்று நினைத்து.

நான் வாயைத் திறப்பதற்குள் றிஸ்வான் முந்திக்கொண்டார். “மிஸ் மழயப் பத்திப் படிச்சவங்க, அண்ணன்.”

அவரைப் பிடித்து வாவியில் தள்ளியிருக்க வேண்டும். யோகராசாவின் முகமே மாறிவிட்டது. பிளாஸ்கின் மூடியில் எனக்கும் தேநீர் ஊற்றித் தந்தார். நான் கட்டத்தைச் சொன்னேன், கந்தகத்தைச் சொன்னேன், துளிகளைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப உங்கட கொம்பியூட்டரில எங்கட வட்டை?”

“கடல், அண்ணே.”

சிரித்துவிட்டார். “வலையக் கொண்டு வரச் சொல்றீங்க.” பிறகு வானத்தைக் காட்டினார். “அங்க மருந்தடிச்சா எங்கட மாரி மழ என்னாகும்?”

“குறையலாம். கூடவும் செய்யலாம். தெரியாது.”

“ஆரக் கேட்டு அடிப்பாங்க?”

“அதுவும் தெரியாது.”

“அது கிடக்கட்டும் தங்கச்சி. இந்தக் கிழம மழ வருமா? இண்டைக்கி விதைக்கவா, பொறுக்கவா?”

கிழக்கே கொஞ்சம் மேகம் இருந்தது. இரண்டு தடவை தெரியாது என்று சொல்லியாகிவிட்டது. அவருடைய தேநீர் என் கையில் இருந்தது. மூன்றாவது முறையும் அதையே சொல்ல நாக்கு எழவில்லை.

“வரும் அண்ணே” என்றேன்.

நாங்கள் ஓட்டோவில் ஏறும்போதே அவர் மூட்டையை அவிழ்த்துவிட்டார். தோளில் கடகப்பெட்டியோடு விதைத்துக்கொண்டு போனவரைப் படம் எடுத்தேன், மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. என் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆறாம் நாள் அழைத்தார். “மழ பெஞ்சிற்று தங்கச்சி! முளை வந்திற்று!” அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். காலை ஏழரைக்கு முன் புறப்படுங்கள், பத்து மணிக்கு மேல் வட்டையில் நிற்க முடியாது. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர். பாலத்துக்கு அப்பால் கடைகள் குறைவு. ஓட்டோவுக்குக் காத்திருப்புக் கட்டணத்தை முதலே பேசிவிடுங்கள். விதைப்புக் காலத்தில் போனால் யாராவது மழையைப் பற்றிக் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லுங்கள். எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.

வானத்து இரசாயனத்தை மாற்றிப் பூமியைக் காப்பாற்றிவிடலாம் என்று இப்போது யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருவதில்லை, களைப்புத்தான் வருகிறது. நிறுத்த வேண்டிய புகையை நிறுத்த மாட்டோம். யாருடைய மழை போகும் என்று தெரியாமல் மேலே ஏறுவோம். ஏறும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. கண்டிக்குத் திரும்பிய பிறகு மாதிரியை இன்னொரு முறை ஓட்டினோம். அந்த நீலக் கட்டத்தில் மழைக்குக் குறைவில்லை என்று வந்தது. அதையே அறிக்கையில் எழுதினோம்.

யோகராசா இரண்டாவது முறை அழைத்தபோது முதல் மழை பெய்து பதினெட்டு நாள்.

“அந்த மழைக்கு மறுகா ஒரு சொட்டும் இல்ல தங்கச்சி. எல்லாம் கருகிற்று.” குரலில் கோபம் இல்லை. “ஒண்டு கேக்கணும். அண்டைக்கி மழ வரும் எண்டு சொன்னீங்கதானே. தெரிஞ்சு சொன்னதா, சும்மா சொன்னதா?”

“சும்மா, அண்ணே.”



“அத அண்டைக்கே சொல்லியிருந்தா, ஒரு மூட்டையையாவது வெச்சிருப்பன்” என்றார்.