ஒரே பெட்டிக்குள் இரண்டு பேர்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டுத் தாயும் தகப்பனும் பின்னறைக்கு மாறிவிடுவார்கள். மாப்பிள்ளை பையோடு வந்து சேருவார். என்னுடையவர் ஐந்து வருடம் இருந்துவிட்டு, வந்த மாதிரியே பையோடு போய்விட்டார். வீடு போகவில்லை. அப்பாவும் இறந்த பிறகு அம்மா, நான், வீடு, அவ்வளவுதான் மிச்சம். 'சொந்த வீடு இருக்கிறவளுக்கு என்ன குறை' என்று வளவில் எல்லோரும் கேட்பார்கள். சொந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவள் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

வளவில், எங்கள் வீடு இருக்கிற அதே காணிக்குள், பெரியம்மாவின் மகள்மார் மூன்று பேரின் வீடுகளும் உண்டு. நடுவில் மதில் கிடையாது. எந்த வீட்டு அலுமாரியின் திறப்பும் அதன் பூட்டிலேயே தொங்கும். ஒருமுறை நான் எனக்காகக் கொப்பியில் எழுதி வைத்திருந்ததைப் பற்றிக் கிணற்றடியில் வைத்து என்னிடமே விசாரித்தார்கள். அன்றோடு கொப்பியை விட்டேன். நான் நகரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினி படிப்பிக்கிறவள். பழைய கணினி ஒன்றை வாங்கிவந்து, நம் குறிப்புகளைச் சேர்த்து வைத்து, கேட்டால் எடுத்துச் சொல்கிற ஏஐ உதவியாளர் ஒன்றை அதற்குள்ளேயே நிறுவினேன். பதில் சொல்ல ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் எடுக்கும். ஆனால் வீட்டு வைஃபையைத் தாண்டி ஒரு சொல் வெளியே போகாது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கைபேசியில் பொத்தானை அழுத்திப் பேசினால் போதும், எழுதிக்கொள்ளும். எங்கள் பேச்சு மட்டும் அதற்குச் சரிவரவில்லை. 'போறன்' என்றால் 'போகிறேன்', 'மறுகா' என்றால் 'பிறகு' என்று எல்லாவற்றையும் புத்தகத் தமிழாக்கித்தான் வைத்துக்கொள்ளும். வேலையால் வந்து, பின்பக்கம் வாவியில் தோணிகள் போவதைப் பார்த்தபடி நான் புலம்பியதெல்லாம் செய்தி வாசிப்பது மாதிரித் திரும்பி வரும். சிரிப்பாக இருக்கும். புலம்பல் என்னவோ குறையவில்லை.

அம்மாவுக்குப் பிரஷர் குளிசை அடிக்கடி மறந்துபோகும். என் பழைய கைபேசியைக் கொடுத்து, அதே பொத்தானைக் காட்டினேன்.

"குளிசை குடிச்ச உடன இதை அமத்திச் சொல்லுங்கம்மா. விட்டுட்டா அது ஞாபகப்படுத்தும்."

"இதுக்குள்ள ஆருகா இரிக்கா?"

"ஒருத்தரும் இல்லம்மா."

"அப்ப சொல்லலாம்," என்றார் அம்மா.

அவருக்கென்று தனிக் கணக்கு நான் திறக்கவில்லை. ஆளுக்கொரு கணக்கு வேண்டும் என்று வகுப்பில் தொண்டை வரளக் கத்துகிறவள் நான். ஆனால் தாய்க்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று எங்கள் வளவில் எதுவும் பிரிந்து கிடந்ததில்லை. அந்த யோசனையே எனக்கு வரவில்லை.

போன வருடம் கொழும்புக் கம்பனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. வகுப்பு எடுக்கிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லி, அறைக்குள் இருந்தபடியே நேர்முகத்தை முடித்திருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியவளுக்கு இப்படி இன்னொன்று வராது. போக எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அம்மாவைத் தனியே விட முடியாது, கொழும்பில் ஒரு வாடகை அறைக்குள் கொண்டுபோய் அடைக்கவும் முடியாது. வகுப்பில்லாத புதன்கிழமை மத்தியானம், அம்மா குளிக்கப் போன நேரம், கணினியிடம் கேட்டேன்: நான் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறேன்?

வழக்கம்போல மெதுவாகப் பதில் வந்தது. உங்கள் குறிப்புகளில் இரண்டு விருப்பங்கள் இருக்கின்றன என்றது. ஒன்று கொழும்பு. மற்றதைக் குறிப்பிலிருந்தே எடுத்துப் போட்டிருந்தது: 'செட்டிபாளையத்தில் தங்கையோடு போய் இருக்க விருப்பம். அவளும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆனால் இந்தப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது? அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?'

எனக்குத் தங்கை இல்லை. செட்டிபாளையத்தில் இருப்பது அம்மாவின் தங்கை, என் சின்னம்மா.

தேடித் தேடி வாசித்தேன். நான் வேலைக்குப் போன பிறகு அம்மா தினமும் அதோடு பேசியிருக்கிறார். 'குளிசை குடித்துவிட்டேன்' என்று தொடங்குவார், பிறகு நிறுத்தமாட்டார். கலகலப்பில்லாத வீடு, பேச்சில்லாத மகள், விடிந்தால் வாசல் கூட்டுகிற வேலை. எல்லாம் என்னுடையவை போலவே புத்தகத் தமிழில், ஒரே கணக்கில், என் குறிப்புகளோடு கலந்து கிடந்தன. எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது, பிறகு வெட்கம். கொப்பியை வாசித்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இப்போது நான் செய்வதும் அதேதான். வாசித்தேன் என்று சொன்னால் அம்மா அந்தப் பொத்தானை இனித் தொடமாட்டார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. அவர் செட்டிபாளையத்துக்கு, நான் கொழும்புக்கு. ஒரு கேள்வி கேட்டால் இரண்டு பேரும் தப்பிவிடலாம்.

அடுத்த நாள் காலை, இறால் கோது கழற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, சின்னம்மாவோட போய் இரிக்க உங்களுக்கு விருப்பமில்லையா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஏன்கா, நான் இஞ்ச இரிக்கிறது உனக்குக் கரைச்சலா?"

"அப்பிடி இல்லம்மா. சும்மாதான் கேட்டன்."

"எனக்கு என்னத்துக்கு அங்க? நீ தனிச்சுப் போவாய்."

கொழும்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று நினைப்பாரோ என்று பயந்துவிட்டேன். பயத்தில் வாய் வேறொன்றைச் சொன்னது.

"ஓம்தான். நீங்க இல்லாட்டி எனக்கு ஏலாது."

சுத்தப் பொய். எனக்கு நன்றாக ஏலும். அம்மா அடுத்த இறாலை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை கம்பனிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். குடும்பச் சூழ்நிலை என்று காரணம் போட்டேன். அம்மாவின் குறிப்புகளை இனித் திறப்பதில்லை என்று சத்தியம் பண்ணியிருந்தேன். அது திங்கட்கிழமை வரைக்கும்தான் தாங்கியது. வியாழக்கிழமைக் குறிப்பில், 'குளிசை குடித்துவிட்டேன்' என்பதற்குப் பிறகு இப்படி இருந்தது:

'இன்று மகள் கேட்டாள். கேட்டவுடன் போகிறேன் என்று சொன்னால் பிள்ளையின் மனம் நோகும். இன்னொருமுறை கேட்டால் ஆம் என்று சொல்லலாம் என்று இருந்தேன். நான் இல்லாவிட்டால் இயலாது என்று சொல்லிவிட்டாள். இனிச் சாகும்வரை இங்கேதான்.'