கரை வேட்டிக்குச் சிரிக்காதவர்

என் வீட்டுக்காரர் கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா காலத்திலேயே காளிகாட் பக்கம் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேசுவார், ரசம் இல்லாமல் சாப்பிடமாட்டார், ஆனால் கோபம் மட்டும் வங்காள மொழியில் வரும். திருநெல்வேலியிலிருந்து இவரைக் கட்டிக்கொண்டு கல்கத்தா லேக் கார்டன்ஸுக்கு வந்த எனக்கு இவரிடம் பெரிய குறை ஒன்றும் கிடையாது. ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊர் நையாண்டிக்கு மனுஷனுக்குச் சிரிக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ்ச் சேனலில் ஒரு கார்ட்டூன் வரும். குழந்தைகளுக்கானது இல்லை. ஒரு டீக்கடை, ரெண்டு பெஞ்சு, நாட்டு அரசியல் மொத்தமும் அங்கே கிடந்து அடிபடும். எனக்கு அது உயிர். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, நான் சிரிக்கிற அதே நொடியில் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நகையா கேட்டேன்?

ஒரு வாரம் அதில் சலவைக்கடைக்காரர் மூட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டார். தலைவர்கள் அவசரத்தில் கைக்கு வந்த கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். கரையைப் பார்த்த தொண்டர்கள் அவர்களை வேறு வேறு கட்சி மேடையில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களும் கூச்சமே இல்லாமல் வழக்கமான பேச்சையே பேசுகிறார்கள். கைதட்டல் கொஞ்சமும் குறையவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், இவர் டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"வேட்டி மாறினா என்ன? எல்லாம் வெள்ளைதானே?"

"ஐயோ, கரையப் பாருங்க! அதை வச்சுத்தான் எந்தக் கட்சின்னே தெரியும்."

"பார்டர்ல கட்சியா? பூஜைக்கு இங்க எல்லாரும் சிவப்பு பார்டர் புடவைதான் கட்டுறாங்க. அப்போ அவங்கள்லாம் ஒரே கட்சியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். முடித்ததும், பாவம், எனக்காக "அச்சா, அச்சா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீடாக இருந்தால் அம்மா, தங்கச்சி, பக்கத்து வீட்டு மதினி எல்லாரும் சேர்ந்து சிரிக்கிற சத்தத்தில் அடுத்த வசனமே காதில் விழுந்திருக்காது.

தாங்கமுடியாமல் தங்கச்சிக்குப் போன் போட்டேன். "ஏட்டி, வேட்டி மாறின கூத்தைப் பாத்தியா?"

"அதெல்லாம் இப்போ யாருக்கா பாக்கா? நாங்க கொரியா சீரியல்லா பாக்கோம். நீ இன்னுமா அதைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்க?"

போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் துர்கா பூஜை நெருங்குகிற சமயம், இவர் ஒரு வங்காளக் கார்ட்டூனைப் போட்டார். நான் ஓரமாக உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். இங்கே தெருவுக்குத் தெரு கிளப்காரர்கள் வருஷத்துக்கு ஒரு 'தீம்' வைத்துப் பூஜைப் பந்தல் போடுவார்கள். கார்ட்டூனில் பந்தலைத் திறக்க ஒரு தலைவர் காரில் வந்து இறங்குகிறார். எதிரே ரோட்டில் பெரும்பள்ளம், மழைத்தண்ணீர், கவிழ்ந்து கிடக்கிற ரிக்‌ஷா. அதுதான் இந்த வருஷத்துத் தீம் என்று நினைத்து, "அடடா, என்ன ஒரு கலை!" என்று மனமுருகிக் கும்பிட்டு, அங்கேயே ரிப்பனை வெட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். இவரும் சிரித்தார். ஒரே நொடியில். யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

"பாத்தியா! நீ முழு பெங்காலி ஆயிட்டே!" அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சும்மா இருங்க."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து வந்தது என்று நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் ஏங்கியது இந்த நொடிக்குத்தான். கிடைத்துவிட்டது, தமிழில் மட்டும் கிடைக்கவில்லை.

"இன்னொரு தடவை போடட்டுமா?" என்றார்.

போடச் சொன்னேன்.