மூன்றாவது ஒயர்

எங்கள் வீட்டுக் கார் என்னைவிட வயதில் மூத்தது. மாற்றலாகிப் போன பங்குச் சாமியார் ஒருவரிடமிருந்து அப்பா வாங்கிய சாம்பல் நிறக் கார் அது. மதுக்கரையில் எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் கார் வைத்திருந்ததில்லை. அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்கப் போய், பிறகு ஆபீசில் உட்காரும் வேலைக்கு வந்தவர். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஐந்தாவது படிக்கும்போது, சித்தப்பா மகனுக்குச் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா வந்தது. சித்தப்பா இருந்தது அப்பாவின் சொந்த ஊரில், உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில். பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று அப்பா நாலு தடவை சொன்னார். காரில்தான் போய் இறங்குவது என்று அம்மா ஒரே தடவை சொன்னாள். சனிக்கிழமை காலை காரில் கிளம்பினோம்.

பொள்ளாச்சி தாண்டியதும் கார் உதற ஆரம்பித்தது. மிதித்தால் இழுக்கவில்லை. நின்றால் காய்ச்சல்காரனைப் போல நடுங்கியது. உடுமலைப்பேட்டைக்குள் நுழையும்போது ஒரு மாட்டு வண்டி எங்களை முந்திப் போனது. அதில் இருந்தவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முதலில் கண்ணில் பட்ட ஒர்க்‌ஷாப்பில் அம்மா நிறுத்தச் சொன்னாள். அப்பா அடுத்ததைப் பார்க்கலாம் என்றார். கார் அதற்குச் சம்மதிக்காமல் அந்த வாசலிலேயே நின்றுவிட்டது.

முதலாளி வெள்ளை வேட்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவைவிடச் சின்னவர். பார்த்ததுமே அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் தாத்தா காலமெல்லாம் வேலை செய்தது ஊரில் அவர்கள் தென்னந்தோப்பில்தான்.

"அட, நீயா? காரெல்லாம் வாங்கிப்போட்டயா?" என்றார்.

"ஆமாங்க" என்றார் அப்பா. காலி நாற்காலி ஒன்று பக்கத்திலேயே இருந்தும் அவர் உட்காரவில்லை. முதலாளி என்னை மட்டும் "இங்க வா கண்ணு" என்று கூப்பிட்டு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். ரொம்ப நல்லவர் என்று முடிவு செய்துகொண்டேன்.

அவர் எழுந்துகூட வரவில்லை. காரை ஒரு தடவை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சத்தத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுவிட்டு, "எஞ்சினை இறக்கோணும். பிஸ்டன், ரிங் எல்லாம் போயிருச்சு. பெரிய செலவு. பேசாம எனக்கே குடுத்துப்போட்டுப் போ. உனக்கெதுக்கப்பா காரு?" என்றார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்லவர் ஒருவர் நம் பாரத்தை வாங்கிக்கொள்கிறேன் என்கிறாரே, இவர் ஏன் பேசாமல் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அம்மா முன்னால் வந்தாள். "ஏனுங்க, தொறந்து பாக்காமயே எப்படிங்க தெரிஞ்சுது?"

"சத்தம் சொல்லுது அம்மணி."

"சத்தம் சொன்னது செரிங்க. நானும் கொஞ்சம் கேட்டுப் பாக்கறேனுங்க."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள். வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்குகள் கூடிவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மெக்கானிக்கிடம் எஞ்சினை ஓடவிடச் சொல்லி, உலர்ந்த துணியை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு, பிளக்குகளுக்குப் போகும் நாலு ஒயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாள். முதலாவதைக் கழற்றியதும் எஞ்சின் மூச்சு முட்டி நிற்கப் பார்த்தது. இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. நான்காவதுக்கு மறுபடி தடுமாறியது.

"மூணாவதுதானுங்க வேலை செய்யறதில்ல."

"அதைத்தானே ரிங் போச்சுன்னு நானும் சொன்னேன்" என்றார் முதலாளி.

"இருங்க, இன்னும் முடியலீங்க."

எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறும்வரை வெயிலிலேயே நின்றாள். பிறகு எங்கள் டிக்கியில் இருந்த ஸ்பேனராலேயே மூன்றாவது பிளக்கையும் முதல் பிளக்கையும் இடம் மாற்றினாள். ஓடவிட்டுப் பார்த்தால் இன்னும் மூன்றாவதுதான் சும்மா இருந்தது. பிளக்கின் மேல் தப்பில்லை. அடுத்து மூன்றாவது ஒயரை இரண்டாவதுக்கும், இரண்டாவது ஒயரை மூன்றாவதுக்கும் மாற்றினாள். இந்தத் தடவை மூன்றாவது உயிர் பெற்றது, இரண்டாவது அடங்கிவிட்டது.

வயதான மெக்கானிக் ஒருவர் அந்த ஒயரை வாங்கிப் புரட்டினார். சைலன்சர் குழாயில் உரசி அடிப்பக்கம் உருகியிருந்தது. "ஒயருதானுங்க முதலாளி" என்றார் மெல்ல. யாரும் சிரிக்கவில்லை.

"எங்க கடையில அந்த ஒயரு இல்ல" என்றார் முதலாளி.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் நின்ற இடத்திலேயே நின்றிருந்த அப்பா, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். புது ஒயரோடு திரும்பி வந்தார். அம்மா கை நீட்டினாள், அவர் கொடுக்கவில்லை. வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே மாட்டினார். பிறகு திறந்திருந்த பானெட்டை, ஊருக்கே கேட்கிற மாதிரி ஓங்கிச் சாத்தினார். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் நடுக்கமில்லாமல் ஓடியது.

முதலாளி நாற்காலியிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கதவைச் சாத்தினார், கியரைப் போட்டார், வண்டியை எடுத்துவிட்டார்.

எனக்குப் பதறிப்போயிற்று. யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்லிக்கொள்ளாமல் அப்பா கிளம்பி நான் பார்த்ததில்லை. பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்கினால்கூட "வாரேனுங்க" என்பவர். அதுவும் மிட்டாய் கொடுத்த மனிதரிடம் இப்படியா? பின் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, முடிந்த மட்டும் சத்தமாக, "வாரோமுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்.

"அப்பா, நீங்க சொல்ல மறந்துட்டீங்க. நான் சொல்லீட்டேன்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அப்பாவின் கை ஸ்டியரிங்கில் இறுகியது. அம்மா அவர் பக்கம் திரும்பி, "உடுங்க, கொழந்தைதானே" என்றாள்.

யாரோ ஏதோ தப்பு செய்துவிட்டார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, தன் சொந்த ஊர் மனிதர் முன்னால், அப்பா பிடித்த வீம்பு. அதை நான்தான் ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று புரிய வெகுகாலம் ஆயிற்று.