லவீனா வாங்கிய சோளன்

அச்சுவேலியில் இருக்கிற ஒரு கோழித்தீன் ஆலையில் கொள்வனவுப் பிரிவு என்று ஒன்று உண்டு. பிரிவு என்றதும் பெரிதாகக் கற்பனை பண்ணிவிடாதீர்கள். ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், அதன் முன்னால் லவீனா. பிரிவு அவ்வளவுதான்.

லவீனா கொழும்புத்துறைக்காரி. தகப்பன் கடற்றொழில். உயர்தரத்தில் வர்த்தகம் படித்து, பல்கலைக்கழகம் மயிரிழையில் கைநழுவிப் போக, பில் எழுதும் வேலைக்கென்று ஆலைக்குள் வந்தவள். கை பில் எழுதினாலும் வாய் சும்மா இருக்கவில்லை. இந்தச் சோளனை ஏன் இந்த விலைக்கு வாங்குகிறோம், போன மாதம் குறைவாக இருந்ததே, அப்போது ஏன் வாங்கவில்லை என்று கேட்டுக் கேட்டே முதலாளி வாகீசனின் உயிரை எடுத்தாள். தொல்லை தாங்காமல் அவர் அவளை அந்த மேசையில் கொண்டுபோய் இருத்தினார். பதவி உயர்வு என்று அவள் சொல்வாள். வாயை அடைக்கச் செய்த வேலை என்று அவர் சொல்வார்.

கோழித்தீனில் பாதிக்கு மேல் சோளன்தான். அதன் விலை ஏறினால் தீன் விலை ஏறும். வலிகாமத்தில் கோழி வளர்க்கிறவர்கள் முகம் சுருங்கும். சிலர் கூட்டையே பூட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். ஆலையோ கொழும்பு வியாபாரி ஒருவர் சொன்ன விலைக்குத் தலையாட்டி வாங்கிவந்தது. இந்தியாவிலிருந்து நேரே இறக்கலாம், எப்போது வாங்குவது, ஏறுமுன் விலையை எப்படிப் பிடித்து வைப்பது என்று தெரிந்தால் போதும் என்பது லவீனாவின் வாதம். உனக்குத் தெரியுமோ என்பது வாகீசனின் கேள்வி. தெரியாது என்பதுதான் உண்மை.

அப்படியிருக்கையில்தான் கனடாவில் ஒரு தானிய நிலையம் பல நாட்டுக் கொள்வனவாளர்களுக்கு இணையவழியில் பயிற்சி நடத்துகிற செய்தி அவள் கண்ணில் பட்டது. தானியம் வாங்குவது எப்படி, விலை ஆபத்தைச் சமாளிப்பது எப்படி என்று படிப்பிப்பார்களாம். லவீனா முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் மறுத்தார். நின்றாள். அவர் சாப்பிடப் போனார். வந்து பார்க்கவும் நின்றாள்.

“சரி, படி பிள்ளை,” என்றார் வாகீசன். “ஆனா ஒண்டு. கடைசிப் பயிற்சியிலை நானும் பக்கத்திலை இருந்து பாப்பன். ஒழுங்காச் செய்தால் இந்த முறை இந்தியாச் சோளனை நீயே வாங்கு. பிழைச்சால் உந்தக் கதையை இனி எடுக்கக்கூடாது.”

“ஓம் அண்ணை,” என்றாள் லவீனா. ஓம் சொல்வது அவளுக்கு எப்போதும் சுலபம்.

தாய் லூர்த்தம்மா ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபடி, மகள் கனடாக் கோஸ் ஒன்று படிக்கிறாள் என்று சொல்லிவிட்டார். கனடா என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் சனம் மிச்சத்தைக் கேட்குமா? மாப்பிள்ளை எந்த ஊர்ப் பெடியன் என்று அங்கேயே விசாரணை தொடங்கிவிட்டது.

வகுப்பில் எகிப்து, சூடான், பிலிப்பைன்ஸ், பெரு என்று பல நாட்டு முகங்கள். படிப்பித்தவர் ஹெலன் என்ற கனடாக்காரி, பொறுமைசாலி. விலை ஏறினாலும் இறங்கினாலும் நட்டம் உள்ளே வராதபடி முன்கூட்டியே ஓர் ஒப்பந்தத்தால் மறித்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் ‘ஹெட்ஜ்’, அதாவது வேலி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஹெலன் அதற்கு ஒரு முழுப் பாடம் எடுத்தார். லவீனாவுக்குத் தொடக்கத்திலேயே விளங்கிவிட்டது. “எங்கடை சனத்துக்கு வேலி அடைக்கவும் ஒருத்தர் படிப்பிக்க வேணுமோ அண்ணை?” என்று மறுநாள் வாகீசனிடம் கேட்டாள். பக்கத்து வளவுக்காரரோடு அரை முழ நிலத்துக்கு வழக்காடிக்கொண்டிருந்த வாகீசன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

விளங்குவதில் குறையில்லை. வாயைத் திறப்பதுதான் பெரும்பாடு. ஆங்கிலத்தில் ஒரு கேள்வியை மனதுக்குள் கட்டி முடிக்குமுன் பாடம் வேறெங்கோ போய்விடும். ஆலையில் ஓயாமல் கதைக்கிறவள் வகுப்பில் ஊமையாக இருந்தாள். அது அவளை உள்ளுக்குள் அரித்தது.

கடைசிப் பயிற்சி வந்தது. இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் விற்க மற்றவர் வாங்க வேண்டும். தொலைபேசியில் பேசி முடித்தபின், பேசியது என்ன என்பதைத் தனித்தனியாக ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். பேச்சு எந்த மொழியிலும் இருக்கலாம். அதனால் ஹெலன் ஒரே மொழிக்காரரைச் சோடி சேர்த்துவிட்டார். லவீனாவுக்கு வாய்த்தவர் நாமக்கல்லில் கோழிப் பண்ணைகளுக்குத் தானியம் வாங்குகிற பொன்னரசு. பயிற்சிக்கு அவர் விற்க வேண்டும், இவள் வாங்க வேண்டும். தமிழ் என்றதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“சோளன் இருக்கோ?” என்று தொடங்கினாள். வாகீசன் பக்கத்துக் கதிரையில் கைகட்டி இருந்தார்.

“இருக்குங்க அம்மணி. நல்ல சரக்கு.”

பிறகென்ன, ஊமைக்கு வாய் வந்துவிட்டது. ஈரப்பதம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்றாள். கப்பல் பிந்தினால் யார் பொறுப்பு என்று கேட்டாள். விலையை ஒருமுறை குறைத்தாள், கொஞ்சம் சிரித்துவிட்டு இன்னொருமுறை குறைத்தாள். வாகீசன் கைக்கட்டை அவிழ்த்து அவளுக்கும் சேர்த்துப் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னார்.

“ஏனுங்க, எதுக்கெடுத்தாலும் ஓம், ஓம்ங்கறீங்க. பூசையில இருக்கீங்களா?” என்றார் பொன்னரசு.

“ஐயோ, இல்லை. ஓம் எண்டால் ஆமா.”

“அட! அப்ப யாவாரம் முடிஞ்சுதுங்களா?”

“ஓம், முடிஞ்சுது.”

இருவரும் எழுதி அனுப்பினார்கள். ஹெலன் இரண்டு தாள்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். விலை ஒன்று, திகதி ஒன்று, ஈரப்பதம் ஒன்று. தானியம் மட்டும் வேறு. லவீனா எழுதியிருந்தது, நாங்கள் பொத்தியோடு அவித்துத் தின்கிற மஞ்சள் சோளன். நாமக்கல்லில் அதற்குப் பெயர் மக்காச்சோளம். பொன்னரசு எழுதியிருந்தது, அவருடைய ஊரில் வெறுமனே சோளம் எனப்படும் சிறு மணி. யாழ்ப்பாணத்தில் அது இறுங்கு. அவளுடைய ‘சோளன்’ காதில் விழுந்தபோது, இலங்கைக்காரர் சோளத்தை அப்படி இழுத்துச் சொல்கிறார்கள் என்று மனிதர் நினைத்துக்கொண்டாராம்.

வகுப்பு சிரித்தது. வாகீசன் கோப்பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். லவீனாவுக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இத்தனை காலம் கேட்டுக் கேட்டு வாங்கிய ஒரு வாய்ப்பை ஒரு சொல்லில் தொலைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். ஆனால் ரோசம் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் அவள் வாயைத் திறந்தது. இலக்கணம் எக்கேடும் கெடட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்: எங்கள் இருவருக்கும் மொழி ஒன்றுதான், நடுவில் ஒரு சின்னக் கடல், அதைத் தாண்டுவதற்குள் சொல் தானியத்தை மாற்றிவிட்டது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

திரையில் இரண்டு முகங்களில் மட்டும் சிரிப்பு சட்டென்று நின்றது. எகிப்துக்காரர் ஒருவர், சூடான்காரி ஒருத்தி. அவர்களும் சோடியாகத்தான் வியாபாரம் பேசியிருந்தார்கள், அரபியில்.

“எங்கள் தாளைத் திறக்க வேண்டாம்,” என்றாள் சூடான்காரி.

ஹெலன் திறந்தார். ‘துரா’ என்ற அதே சொல்லைத்தான் இருவரும் பேசியிருந்தார்கள். எகிப்தில் அது மக்காச்சோளம். சூடானில் அது இறுங்கு. ஒரு தாளில் இது, மற்றத் தாளில் அது.

இப்போது எழுந்த சிரிப்பு வேறு சிரிப்பு. லவீனாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபின் ஹெலன், காலநிலை, கப்பல், நாணயம் என்று எல்லா ஆபத்தையும் நான் படிப்பிக்கிறேன், இதை மட்டும் ஒருநாளும் படிப்பித்ததில்லை என்றார்.

வகுப்பு முடிந்தது. வாகீசன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளிறியிருந்தது.

“பிள்ளை,” என்றார், “உனக்குச் சொல்லேல்லை. தூத்துக்குடியிலை ஒருத்தரோடை நான் விலை பேசி வைச்சிருக்கிறன். நாளைக்கு முற்பணம் அனுப்புற யோசினை. நானும் சோளன் எண்டுதானே கேட்டனான்.”

அவளிடம் பொறுப்பைத் தருவதாகச் சொல்லிவிட்டுப் பின்கதவால் தானே பேசியிருக்கிறார்! கோபம் வரத்தான் செய்தது. கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் தூத்துக்குடிக்காரரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி அழுத்தினாள்.

“ஐயா, நீங்கள் விலை சொன்ன சோளம் மஞ்சளோ, வெள்ளையோ?”

“வெள்ளைச் சோளம்மா. முத்து மாதிரி இருக்கும். மஞ்சள்னா மக்காச்சோளம், அது வேற விலை.”

வாகீசன் தலையில் கைவைத்துக்கொண்டார். இறுங்கு வந்து இறங்கியிருந்தால் தீன் கலவை முழுவதையும் மாற்ற வேண்டும். மாற்றினாலும் முட்டைக் கரு மஞ்சள் இழந்து வெளிறிவிடும். அப்போது கோழி வளர்க்கிறவர்கள் கோழியையா பிடிப்பார்கள்? வாகீசனைத்தான் பிடிப்பார்கள்.

“அண்ணை, நான் பயிற்சியிலை பிழை விட்டிட்டன்,” என்றாள் லவீனா, கையடக்கத் தொலைபேசியை அவர் பக்கம் நீட்டி. “இனி இந்தக் கதை எடுக்கக்கூடாது எண்டு சொன்னீங்கள்.”

“நீ பயிற்சியிலை பிழைச்சனி. நான் உண்மையிலேயே பிழைச்சிருப்பன்,” என்றார் அவர். தொலைபேசியை வாங்கவில்லை. “நீயே கதை.”

அவள் முதலிலிருந்து தொடங்கினாள். மக்காச்சோளம் என்று தூத்துக்குடிக்காரரின் சொல்லிலேயே கேட்டாள். தாவரவியல் பெயரையும் எழுதி, பணம் அனுப்புமுன் மாதிரி மணிகளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள். விலையையும் மூன்று மாதத்துக்கு அசையாமல் கட்டிப்போட்டாள். லொறி அச்சுவேலிக்கு வந்து முதல் மூட்டையை வெட்டியபோது மஞ்சள் மணிகள் சிமெந்துத் தரையில் கொட்டின. லவீனா வெட்கமில்லாமல் எல்லோருக்கும் முன்னால் அழுதாள். சந்தோசத்தில் அழுவதற்கு என்ன வெட்கம்?

ஹெலன் அடுத்த தொகுதிக்குத் தானியங்களின் பெயர்கள் பற்றி ஒரு பாடம் சேர்த்தார். அதை நடத்த லவீனாவையும் சூடான்காரியையும் அழைத்தார். உடைந்த ஆங்கிலம்தான், பரவாயில்லையா என்று லவீனா எழுதிக் கேட்டாள். அன்று நீ பேசிய ஆங்கிலம்தான் வேண்டும் என்று பதில் வந்தது.

பாடம் நடந்த அன்று வாகீசன் மூட்டை ஏற்றுகிறவர்களைச் சத்தம் போடவேண்டாம் என்று அதட்டிவிட்டு, அறை வாசலில் தானே காவல் நின்றார். உள்ளே லவீனாவின் குரல் தடக்கித் தடக்கிப் போய், பிறகு தடக்காமல் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய தொலைபேசி அடித்தது. யாரோ ஒரு புது வியாபாரி.

“சோளனோ? நல்லது,” என்றார் வாகீசன் குரலைத் தாழ்த்தி. “ஆனா இப்ப கதைக்கேலாது. எங்கடை லவீனா வெளிநாட்டுக்காரருக்குப் படிப்பிச்சுக்கொண்டிருக்கிறா. முடிய எடுங்கோ. இல்லைத் தம்பி, என்னோடை கதைச்சுப் பிரயோசனம் இல்லை. இஞ்சை வாங்கிறது அவ.”