எடைமேடையும் இரண்டாவது கெர்னலும்

கம்ப்யூட்டர் பராமரிப்பு, எல்லாம் ஒழுங்காக ஓடும் வரை நம்மை யாரும் நினைக்காத தொழில் என்பது என்னோடு சேர்ந்து அல்லல்படும் உங்களுக்குத் தெரியும்.

எடையில்லாத உப்பு

தூத்துக்குடியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் வேலை பார்க்கிறேன். வாசலில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையின் கம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடுகிறது. மேடையின் எடையை வாங்கித் தரும் அதன் கார்டு, லினக்ஸின் மையநிரலான கெர்னலில் பழைய ஒன்றோடு மட்டுமே பேசும். ஆகவே, கம்ப்யூட்டர் பூட் ஆகி எழும்போது பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் கெர்னலை எடுக்கச் சொல்லி, ஷெல் ஸ்கிரிப்ட் என்கிற சின்னக் கட்டளைக் கோப்பு ஒன்றை எழுதியிருந்தேன்.

ஒரு அப்டேட்டில் புதிய கெர்னல் ஒன்று முன்னால் வந்து புகுந்தது. பழையது மூன்றாவதாகிவிட்டது. ஸ்கிரிப்ட் சொல் தவறாமல் இரண்டாவதையே எடுத்தது. மேடை மேல் உப்பு லாரி நிற்க, திரையில் எடை பூஜ்யம். டிரைவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"எடையே இல்லன்னா, இம்புட்டு டீசலக் குடிச்சது யாரு அண்ணாச்சி?"

மேனேஜரின் மரியாதை

மேனேஜர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஐம்பதைத் தாண்டியவனை இனி யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் தணிந்த குரலில் சொன்னார்:

"இன்னொரு தடவ மேடை நின்னா பராமரிப்ப சென்னைக் கம்பெனிக்குக் குடுத்துருவேன் சார், கோவிச்சுக்காதீங்க."

துடைப்பம்

வரிசை எண்ணை எடுத்துவிட்டு, கெர்னலைப் பெயர் சொல்லித் தேடும்படி ஸ்கிரிப்டைத் திருத்தினேன். அப்படியும் தவறான கெர்னல் ஏறி, கார்டு பதில் சொல்லாவிட்டால், தானாகவே பழையதற்குத் திரும்பி மறுபடி பூட் ஆக வேண்டும் என்றும் சேர்த்தேன். ஆனால் அதைச் சோதிக்க வேண்டுமென்றே தவறான கெர்னலை ஏற்ற வேண்டும். திரும்பி வராவிட்டால்? என் எழுத்தை நானே நம்பவில்லை.

சோதனை முடியும்வரை லாரி எதுவும் மேடை ஏறக் கூடாது என்று எடைமேடை ஆபரேட்டர் அந்தோணியிடம் சொன்னேன். சிந்திக் கிடக்கும் உப்பு எடையில் சேர்ந்துவிடும் என்பதால், மேடையை அடைத்து அதைப் பெருக்குவது அவர் வழக்கம். அன்று துடைப்பத்தை எடுத்தவர், கல்யாண வீட்டு முற்றத்தைப் பெருக்குகிறவர் போல நிதானமாகப் பெருக்கினார். ஒரு டிரைவர் ஹாரன் அடித்தார். "பொறுல! இந்த உப்பு ஒன் கணக்குல ஏறணுமா?" என்றார் அந்தோணி.

உள்ளே திரை அணைந்தது, எரிந்தது. கார்டு பேசவில்லை. மறுபடி அணைந்தது. பிறகு பழைய கெர்னல் ஏறி, எண்கள் வந்தன. ஜன்னலில் அந்தோணியின் முகம்:

"வந்துட்டா அண்ணாச்சி? இனிமே பெருக்கணும்னா சிமெண்டத்தான் பேத்து எடுக்கணும்."

தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் ஸ்கிரிப்ட் எழுதியவன் என்று மேனேஜர் என்னைப் பாராட்டுகிறார். அதற்கு நேரம் வாங்கித் தந்த துடைப்பத்தைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.